திரை வராத கணிப்பொறி: பஞ்சாயத்தார் அறிய வேண்டியவை

மோட்டார் ஓடியும் குழாயில் தண்ணீர் வராவிட்டால், கணியம்பாடி வட்டாரத்து விவசாயி கிணறு வற்றிவிட்டதென்று உடனே முடிவு கட்டுவதில்லை. முதலில் புட்வால்வைப் பார்ப்பார். பிறகு குழாய் இணைப்புகளைப் பார்ப்பார். கணிப்பொறி விஷயத்திலும் நாம் இம்முறையையே கைக்கொள்ள வேண்டும்.

சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக அது கிராமத்து வீடுகளுக்கும் வந்தது. இத்தகைய பொறிகளில் சில வேளைகளில் படங்களுடன் கூடிய முகப்புத் திரை தோன்றாது, கருந்திரையே நிற்கும். அப்போது, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதிந்துவிடலாம்" என்று யோசனை கூறுவோர் உண்டு. அதற்கு இணங்கினால் தீர்மான நகல்களும் பயனாளிகள் பட்டியலும் ஒரு நொடியில் போய்விடும். முகப்புத் திரை வேறு, உள்ளே உள்ள கோப்புகள் வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

செய்ய வேண்டியவை வருமாறு:

1. பொறியைத் தொடங்கியதும் தயாரிப்பாளர் பெயர் திரையில் தெரிகிறதா என்று பார்க்கவும். தெரிந்தால் திரையும் அதன் கம்பியும் பெரும்பாலும் நலமே.

2. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தவும். பெயர் கேட்கும் எழுத்துத் திரை வந்தால் பொறியின் அடித்தளம் இயங்குகிறது, பழுது முகப்பில்தான்.

3. அங்கே நுழைந்து, டி, எஃப் என்னும் இரு சிறிய ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் வட்டில் நிரம்பிய அளவு தெரியும். நூற்றுக்கு நூறு என்றிருந்தால் அதுவே காரணமாகலாம். களஞ்சியம் நிரம்பினால் புது மூட்டைக்கு இடமேது? வேண்டாத கோப்புகளை நீக்கவும்.

4. வேறொரு பயனர் பெயரில் முகப்பு வருகிறதெனில், பழுது முதற் பயனரின் அமைப்புக் கோப்புகளில் மட்டுமே உள்ளது. அவற்றின் உரிமை நிர்வாகியின் பெயருக்கு மாறியிருத்தல் பொதுவான காரணம்.

5. புதுப்பித்தலுக்குப் பின் தொல்லை தொடங்கியதெனில், தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து இயக்கவும். திரைக்கான டிரைவர் புதிய கெர்னலுடன் ஒத்துப்போகாதிருக்கலாம்.

6. மின்சாரம் திடீரென நின்றதால் வட்டின் ஒழுங்கு குலைந்திருந்தால், பயிற்சி பெற்றவரைக் கொண்டே சரிபார்க்க வேண்டும்.

இவற்றால் பயனில்லையெனில், பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸைக் கொண்டு பொறியைத் தொடங்கி, கோப்புகளை முதலில் வேறொரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளவும். மறுபதிவு அதற்குப் பிறகே.

வாரந்தோறும் நகல் எடுத்தலும், செய்த மாற்றங்களை நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வைத்தலும் செலவில்லாத காரியங்கள். அலுவலகத்துக்கு யூ.பி.எஸ். ஒன்று வாங்கி வைப்பதும் நலம். பொறி பழுதானால் வேறொன்று வாங்கலாம். மக்களின் பதிவேடுகளைக் கடையில் வாங்க இயலாது.