மாறியும் மாறிலியும்

கணிதம் கற்கும் மாணவர் பலர்க்கு எண் அச்சம் தருவதில்லை. எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து அமரும்போதே அச்சம் பிறக்கிறது. அவ்வெழுத்தைச் சூழ்ந்து மாறி, மாறிலி, கெழு, உறுப்பு, கோவை, சமன்பாடு எனச் சொற்கள் பல வந்து நிற்கின்றன. இவற்றைப் பொருளுணராது நெட்டுருச் செய்தவன், தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறான். யான் கணிதம் கற்பித்தவன் அல்லேன், தமிழ் கற்பித்தவன். ஆயினும், இச்சொற்களைப் பிரித்துப் பொருள் காணும் உரிமை தமிழாசிரியனுக்கும் உண்டு. பிரித்துக் காணின், கணிதத்தின் கருத்தும் உடன் வெளிப்படும்.

புதுச்சேரி நகரைச் சார்ந்த மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டை ஒன்று உளது. நீலமலையின் அடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையம் வேறு, இது வேறு. இங்கே சரக்கேற்றிய லாரி ஒன்று எடைமேடையில் ஏறி நிற்பதாகக் கொள்வோம். அதில் ஒரே அளவினவாகிய 200 மூட்டைகள் உள்ளன. வெற்று லாரியின் எடை 6,000 கிலோ. மூட்டைகளோடு கூடிய எடை 16,000 கிலோ. ஒரு மூட்டையின் எடை யாது? மூட்டையை இறக்கித் தராசில் இட வேண்டுவதில்லை. தெரியாத அவ்வெடைக்கு ம என்று ஒரு பெயரிட்டு, தெரிந்தவற்றோடு சேர்த்து எழுதினால் போதும்.

200ம + 6000 = 16000

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ம என்பது மூட்டை அன்று. மூட்டையின் எடை எத்தனை கிலோவோ, அந்த எண். ஆகவே, 200ம என்பதை ‘இருநூறு மூட்டை’ என்று படித்தல் பிழை. ‘ஒரு மூட்டையின் எடையைப்போல் இருநூறு மடங்கு’ என்று படித்தல் வேண்டும். எழுத்தைப் பொருளின் சுருக்கப் பெயராகக் கருதும் மாணவனே பிற்பாடு இடர்ப்படுகிறான். எழுத்தைத் தேர்வதிலும் தமிழர்க்கு ஒரு சிறு தொல்லை உண்டு. க, உ, ச, எ, அ ஆகியவற்றின் வடிவங்களே நம் முன்னோர்க்கு 1, 2, 4, 7, 8 என்னும் எண்களின் குறிகளாகவும் இருந்தன. அதனாலேயே எண்ணாக வழங்காத மகரத்தை இங்கு எடுத்துக்கொண்டேன்.

இனிச் சொற்களைப் பார்ப்போம். மாறு என்னும் பகுதியோடு இகர விகுதி சேர்ந்து, மாறுவது என்னும் பொருளில் ‘மாறி’ ஆயிற்று. வானில் பாடுவது வானம்பாடி ஆனதுபோல என்க. மாறு, இல், இ என்னும் மூன்றும் சேர்ந்து, மாறுதல் இல்லாதது என்னும் பொருளில் ‘மாறிலி’ ஆயிற்று. அறிவிலி என்னும் சொல்லின் அமைப்பும் இதுவே. மேற்கண்ட கணக்கில் ம மாறி, 6000 மாறிலி.

கூர்மதி படைத்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, மூட்டையின் எடை ஒன்றுதானே? அது மாறுவது எங்ஙனம்?” என வினவக்கூடும். நல்ல வினா. இடப்பக்கத்தில் உள்ள 200ம + 6000 என்பதை மட்டும் தனியே நோக்குக. மூட்டை 40 கிலோவாயின் அதன் மதிப்பு 14,000; 45 கிலோவாயின் 15,000. அங்கே ம எம்மதிப்பையும் ஏற்று உலவலாம். ‘இது 16000-க்குச் சமம்’ என்று சொன்ன அக்கணமே அதன் உலாவல் நின்றுவிடுகிறது. கோவையில் உலவும் மாறியைச் சமன்பாடு ஓரிடத்தில் நிறுத்துகிறது. அவ்விடத்தைக் கண்டறிதலே தீர்வு.

கோவை என்றது கோக்கப்பட்டது என்னும் பொருட்டு. முத்தைக் கோத்தால் முத்துக்கோவை. அகத்துறைகளை நிரல்படக் கோத்தால் கோவைப் பிரபந்தம். கூட்டல் கழித்தற் குறிகளால் உறுப்புகளைக் கோத்தால் கணிதக் கோவை. 200ம ஓர் உறுப்பு. 6000 மற்றோர் உறுப்பு. பகுபதத்தை உறுப்புகளாகப் பிரித்துப் பழகிய உங்களுக்கு இது புதிதன்று. மாறியோடு கூடி நிற்கும் 200 என்னும் எண்ணைக் கெழு என்பர். கெழுமுதல் என்பதற்குக் கூடுதல், நிறைதல் என்பன பொருள்கள். சங்க நூல்களில் பயின்ற பழஞ்சொல் ஒன்று பள்ளிக் கணக்கிற்குள் வந்து குடியேறியிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது. 3ம, 5ம என்பன ஒத்த உறுப்புகள். ம எத்தனையாயினும், அதன் மும்மடங்கும் ஐம்மடங்கும் சேர்ந்தால் எண்மடங்காகும், எனவே 8ம. மாறுபட்ட உறுப்புகளை அவ்வாறு ஒன்றாக்குதல் இயலாது.

படு என்னும் வினை முதல் நீண்டு பாடு என ஆவது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு கேடாவதும் சுடு சூடாவதும் அவ்வகையே. ஆகவே, சமன்பாடு என்பது சமன் ஆதல். இதற்கு ஏற்ற உவமை, வள்ளுவர் நடுவுநிலைமைக்கு எடுத்தாண்ட துலாக்கோலே. ஒரு தட்டில் எதை எடுத்தாலும் மறுதட்டிலும் அதை எடுத்தால் கோல் சாயாது. இருபுறத்தும் 6000 நீக்கினால் 200ம = 10000. இருபுறத்தையும் 200-ஆல் வகுத்தால் ம = 50. ‘அப்பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும்’ என்று மாணவர் மந்திரம்போல் ஓதுவர். எதுவும் எப்பக்கமும் போகவில்லை. இரு தட்டிலும் ஒன்றே செய்தோம்.

அதே லாரி 15,800 கிலோ காட்டினால் என் செய்வது? 200ம = 9800; எனவே ம = 49. சரக்குச் சீட்டில் மூட்டைக்கு 50 கிலோ என்றிருந்தால், 200 கிலோ குறைகிறது. அவ்விழப்பு அனுப்பியவரதா, ஏற்றி வந்தவரதா என்னும் வழக்கு உடனே பிறக்கும். ‘மூட்டைக்கு ஒரு கிலோ குறைத்துக் கட்டிவிட்டார்’ என அனுப்பியவர்மேல் பழி சுமத்துமுன் சற்று நிற்க. 50 கிலோ மூட்டைகள் 196 மட்டுமே இருந்தாலும் எடை 9,800 கிலோதானே! வழியில் நான்கு மூட்டைகள் காணாமற் போயிருத்தலும் கூடும். இவ்விரண்டில் எது நிகழ்ந்தது என்பதை எடைமேடை சொல்லாது. 200 என்னும் கெழு மெய்யா என்பதை மூட்டைகளை எண்ணியே அறிதல் வேண்டும். சமன்பாடு பொய் சொல்லாது. நாம் அதில் எழுதிய எண் பொய்யாயின் விடையும் பொய்யாகும்.

எல்லா மதிப்புக்கும் பொருந்தும் சமன்மையும் உண்டு. 2(ம + 3) = 2ம + 6 என்பதில் ம எதுவாயினும் இருபுறமும் ஒன்றே. முற்றும் ஒன்றாய் இருத்தலின் இதனை முற்றொருமை என்பர்.

துலாக்கோலின் இந்நெறியை ஒரு தனிக் கலையாக வகுத்து நூல் செய்தவர், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி. ஒரு புறம் கழிந்து நிற்கும் அளவை இருபுறத்தும் கூட்டி நிறைத்தலை அவர் ‘அல்-ஜபர்’ என்றார். இருபுறத்தும் உள்ள ஒத்த அளவுகளை ஈடாக நீக்குதலை ‘அல்-முகாபலா’ என்றார். நாம் 6000 நீக்கியது இவற்றுள் இரண்டாவது. முன்னதன் பெயரே திரிந்து, ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா ஆயிற்று. பிரெஞ்சு மொழியிலும் அப்பெயரே சிறு மாற்றத்துடன் வழங்குகிறது.

வடமொழியில் இதற்குப் பீஜகணிதம் என்று பெயர். பீஜம் என்பது விதை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற கரோல் விசுவநாத பிள்ளை, 1855-ஆம் ஆண்டில் இக்கலையைத் தமிழில் எழுதி, ‘வீசகணிதம்’ என்னும் பெயரால் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர். மற்றவர் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை. நூல் அரியது, பெயரில் மட்டும் ஒரு மயக்கம் உண்டு. தமிழ்க் கணக்கில் வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு ஆகலின், பெயரைக் கேட்பவன் பின்னக் கணக்கென்று எண்ணக்கூடும். பின்னர் 1916-இல் சேலத்தில் இராசாசி முதலியோர் கலைச்சொல் ஆக்குதற்கு ஒரு சங்கம் கண்டனர். 1936-இல் விபுலானந்த அடிகள் தலைமையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடிற்று. 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொற்கள் தொகுதி வெளிவந்தது. இன்று தமிழ்நாட்டில் இயல், கணிதம் என்னும் இரண்டும் புணர்ந்த இயற்கணிதம் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. ஈழத்தார் அட்சரகணிதம் என்பர், அட்சரம் எழுத்து. கெழுவை அவர்கள் குணகம் என்பர். கடல் கடந்து வந்த பாடநூலைப் படிக்க நேர்ந்தால் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

எழுத்தை எண்ணின் இடத்தில் வைக்கும் முறையைச் செம்மை செய்தவருள் இருவர் பிரெஞ்சுக்காரர். 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் மாணவர் அவ்விருவர் பெயரையும் அறிந்திருத்தல் தகும். வியேத்து என்பார் 1591-இல், அறியாத எண்ணுக்கு உயிரெழுத்தையும் அறிந்த எண்ணுக்கு மெய்யெழுத்தையும் வழங்கினார். உயிர், மெய் என்னும் பாகுபாடு கணிதத்திற்கும் பயன்பட்டமை அறியத் தமிழாசிரியன் உள்ளம் துள்ளாதோ! தெக்கார்த்து என்பார் 1637-இல் நெடுங்கணக்கின் முதலெழுத்துகளை அறிந்தவற்றுக்கும் கடையெழுத்துகளை அறியாதவற்றுக்கும் ஒதுக்கினார். இன்று உலகம் பின்பற்றுவது அம்முறையே. அவர்களுக்கு நெடுநாள் முன்பே, 1150-இல் பீஜகணிதம் இயற்றிய பாஸ்கராசாரியர், அறியாத முதல் அளவை ‘யாவத்தாவத்’ என்றார். ‘எவ்வளவோ அவ்வளவு’ என்பது அதன் பொருள். அறியாதவை பல வரின் கருமை, நீலம், மஞ்சள் என்று நிறப்பெயர்களின் முதலெழுத்தைக் கொண்டார்.

அறியாதவை இரண்டாயின் சமன்பாடும் இரண்டு வேண்டும். நம் லாரியின் வெற்றெடையும் தெரியாது என்று கொள்க. அதனை ல என்போம். முதல்நாள் 120 மூட்டை ஏற்றி நிறுத்தியபோது 11,400 கிலோ. மறுநாள் அதே அளவினவாகிய 180 மூட்டை ஏற்றியபோது 14,400 கிலோ.

120ம + ல = 11400
180ம + ல = 14400

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் ல நீங்கிவிடும்; 60ம = 3000 என நிற்கும். மூட்டையின் எடை 50 கிலோ. வெற்று லாரியின் எடையை நீங்களே கண்டு எழுதுக.