ஐந்தாவது ரேஸ் கேம்

அன்புள்ள கண்ணுக்கு,

உன் மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பெங்களூரு அறையில் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது ஸ்டியரிங் ஸ்டாண்டு நிற்கிறதாம், நீ பாய் விரித்துப் படுக்கிறாயாம். உன் அம்மா போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் எதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்வாள் என்பது நம் வீட்டில் யாருக்குத் தெரியாது?

‘அசெட்டோ கோர்சா ஈவோ வாங்கலாமா மாமா?’ என்று நீ அனுப்பிய செய்தி அதற்கு அடுத்த நாள் வந்தது. சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் டூல் பெட்டி தூக்கிய மனிதனுக்குக் கம்ப்யூட்டர் ரேஸ் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காமல் கேட்டிருக்கிறாய். அதில் மாமனுக்குப் பெருமைதான். உன் மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து நிறையப் படித்துவிட்டுத்தான் இந்தப் பதில். முடிவு உன்னுடையது, சம்பாதிப்பவன் நீ. தெரிந்ததை வரிசையாக வைக்கிறேன், பார்த்துக்கொள்.

ஒருவனிடம் இத்தனை ரேஸ் கேம் சேர்வதற்கு அவன் ஆசை மட்டும் காரணமில்லை. உரிமைகள் அப்படிப் பங்கு போடப்பட்டிருக்கின்றன. ஃபார்முலா ஒன் உரிமை ஈஏ நிறுவனத்திடம் இருக்கிறது, அதைச் செய்வது இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ். ஜிடி வேர்ல்டு சேலஞ்ச் இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனியிடம் போனது. நீ வைத்திருக்கும் அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே அதற்காக 2019-ல் வந்தது. லே மான் 24 மணி நேரப் பந்தயம் வேண்டுமென்றால் லே மான் அல்டிமேட். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக்காரர்கள் பழகுவது ஐரேசிங்கில். நாலு பந்தயமும் பிடித்துப்போனவன் நாலு கேம் வாங்க வேண்டியிருக்கிறது.

உன்னிடம் ஃபார்முலா ஒன், காம்பெட்டிசியோனே, ஐரேசிங் சந்தா, 2014-ல் வந்த பழைய அசெட்டோ கோர்சா என்று நான்கு இருக்கின்றன. ஃபார்முலா ஒன்னை வருஷா வருஷம் புதிதாக வாங்கினாயே, அந்தக் கம்பெனியே 2026-க்குத் தனிக் கேம் கிடையாது, 25-க்குக் கூடுதல் பகுதி மட்டும்தான் என்று அறிவித்துவிட்டது. விற்கிறவனே ஒரு வருஷம் மூச்சு வாங்குகிறான்.

ஈவோவைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதைச் செய்த அதே குனோஸ்காரர்கள் சாமானியர்கள் இல்லை. ரோம் நகரத்துப் பக்கம் வல்லெலுங்கா ரேஸ் தடத்தை ஒட்டியே அலுவலகம் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள். தடத்தை லேசர் வைத்து அளந்து, சாலையின் மேடு பள்ளம்கூட ஸ்டியரிங்கில் தெரிகிற மாதிரி கொண்டுவந்தவர்கள். ஆனால் 2025 ஜனவரியில் ஈவோ முழுமையடையாமலே விற்பனைக்கு வந்தது. அப்போது அதில் இருந்தவை 5 தடங்களும் 20 கார்களும். பலர் சேர்ந்து பந்தயம் ஓட்டும் வசதி அன்று இல்லை. நூர்பர்க்ரிங்கைச் சுற்றியுள்ள ஊர்ச் சாலைகளிலும் காரை எடுத்துக்கொண்டு சுற்றலாம் என்பது வாக்குறுதி. வாக்குறுதிக்கு முன்பணம் கட்டுவது உன் தாத்தா காலத்திலிருந்தே நம் குடும்பத்துக்குப் பழக்கமான விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

‘கேம் ஓட்டித்தான் நிஜ ரேஸர் ஆனார்கள்’ என்று நீ ஆரம்பிப்பாய். ஆமாம், ஆனார்கள். நாஸ்கார் பந்தயக்காரர் வில்லியம் பைரன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஐரேசிங் ஓட்டிப் பழகிய பிறகே நிஜக் காரில் ஏறினார். 2024, 2025 இரண்டு வருஷமும் டேடோனா 500 அவருக்குத்தான். பிரிட்டன் பையன் ஜான் மார்டன்பரோ நிசானும் சோனியும் நடத்திய ஜிடி அகாடமியில் 2011-ல் ஜெயித்து, 2013-ல் லே மானில் எல்எம்பி2 பிரிவில் மூன்றாம் இடத்தில் நின்றார். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2024 மே மாதம் இமோலாவில் நிஜ ஃபார்முலா ஒன் பந்தயம் ஜெயித்த அதே வாரக் கடைசியில், ஐரேசிங்கில் நடந்த நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தையும் அவர் அணி ஜெயித்தது. 2025 செப்டம்பரில் நிஜ நூர்பர்க்ரிங்கில் அவரோடு ஒரே ஃபெராரியைப் பங்கிட்டு ஓட்டி ஜெயித்த கிறிஸ் லுல்ஹாம், சிம் ரேஸிங்கிலிருந்து வந்த பையன்.

இவர்கள் கதையில் எத்தனை கேம் வாங்கினார்கள் என்ற கணக்கு எங்கேயாவது வருகிறதா? மார்டன்பரோ ஜெயித்த போட்டி கிரான் டூரிஸ்மோ என்ற ஒரே கேமை வைத்து நடந்தது. பைரன் பழகியது ஐரேசிங். அது உன்னிடமும் இருக்கிறது. மச்சான் உன் கணக்கைத் திறந்து காட்டினான். பாதித் தடங்களில் நீ ஒரு முழுப் பந்தயம்கூட ஓட்டவில்லை.

இன்னொன்று. கையில் இருப்பது விலையுயர்ந்த டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங். இஎம்ஐ இன்னும் ஓடுகிறது என்பதும் மாமனுக்குத் தெரியும், யார் சொன்னார்கள் என்று கேட்காதே. காலில் இருப்பதோ பழைய செட்டோடு வந்த சாதா பெடல். அந்தப் பிரேக் அளப்பது கால் எவ்வளவு தூரம் போனது என்பதை. லோட் செல் பிரேக் அளப்பது எவ்வளவு அழுத்தம் கொடுத்தாய் என்பதை. நிஜ ரேஸ் காரில் பிரேக் பெடல் அதிக தூரம் போகாது, கல் மாதிரி நிற்கும். அழுத்தத்தைத்தான் கால் ஞாபகம் வைத்துக்கொள்ளும். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் முன்சக்கரத்துக்குப் பிடிப்பைக் கொடுக்கிறது. நேரத்தைச் சம்பாதிக்கும் இடம் அதுதான். சோழவரத்திலும் அதுதான், இருங்காட்டுக்கோட்டையிலும் அதுதான், உன் திரையிலும் அதுதான். புதுக் கேமில் புதுக் கார் கிடைக்கும். கால் பழைய கால்தான்.

இனி மாமன் மனதில் உள்ளதைச் சொல்லிவிடலாம். பணம் கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுடையதாக இருக்க வேண்டும். இதைச் சொன்னால் ‘மாமா மறுபடியும் பட்டறைக் கதையா’ என்பாய். ஆமாம், பட்டறைக் கதைதான். குத்தகை இடத்தில் உன் தாத்தா சொந்தக் காசில் தரை போட்டு, கூரை வேய்ந்து, மூன்று லேத் இறக்கினார். இடத்துக்காரர் மகன் தலையெடுத்ததும் காலி பண்ணச் சொன்னான். லேத்தை எடுத்துக்கொண்டு வரலாம், தரையை எப்படி எடுத்துக்கொண்டு வருவது? அந்த வருஷம்தான் உன் அம்மா கல்லூரிக்குப் போக வேண்டிய வருஷம்.

இன்று நீங்கள் வாங்கும் கேமும் அதே குத்தகைதான். தி க்ரூ என்று ஒரு கார் கேம், யூபிசாஃப்ட் 2014-ல் வெளியிட்டது. அமெரிக்கா முழுவதும் கார் ஓட்டலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை அணைத்தார்கள். தனியாளாக ஓட்டுவதற்கும் அந்த சர்வர் வேண்டும் என்பதால், டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவனிடமும் மிஞ்சியது வெறும் தட்டு. அதில் கிளம்பிய கோபம்தான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ஐரோப்பாவில் அதன் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் சட்டமே வந்துவிட்டது: உரிமம் மட்டும் கொடுக்கிறவன் ‘வாங்கு’ என்று பட்டன் வைத்தால், இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது.

எல்லா கேமும் தி க்ரூ மாதிரி போவதில்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ப்ராஜெக்ட் கார்ஸ் முதல் இரண்டு பாகங்களும் 2022-ல் கடையிலிருந்து நீங்கின. 2024 டிசம்பரில் ஃபோர்சா ஹொரைசன் 4-ம் நீங்கியது. கார் கம்பெனிகளும் தடக்காரர்களும் கொடுத்த உரிமம் காலாவதியாவதுதான் இப்படி நீங்குவதற்கு வழக்கமான காரணம். முன்பே வாங்கியவர்கள் இன்னும் ஓட்டலாம். ஆனால் ரேஸ் கேமுக்கு இந்த ஆயுள் கணக்கு கூடவே பிறக்கிறது. சண்டைக் கேமில் வரும் வாளுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஃபெராரிக்கு வேண்டும், சில்வர்ஸ்டோனுக்கு வேண்டும், கார் மேல் ஒட்டும் டயர் கம்பெனி ஸ்டிக்கருக்கும் வேண்டும்.

உன் ஐரேசிங்கையே எடுத்துக்கொள். சந்தா தனி, கார் தனி, தடம் தனி. தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கிய காரைக்கூட, சந்தா நின்றுவிட்டால் தொட முடியாது. தரை போட்டதும் நீ, வாடகை கட்டுவதும் நீ.

தங்கின கேம்களும் இருக்கின்றன, அவற்றையும் பார். 1967 கிராண்ட் ப்ரீ பருவத்தை வைத்து 1998-ல் வந்த கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸை இன்றும் ஓட்டுகிறவர்கள் உண்டு. 2004-ல் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலிக்கு ரசிகர்களே புதிய ராலி சாலைகளைச் சேர்த்துச் சேர்த்து உயிரோடு வைத்திருக்கிறார்கள். உன்னிடம் இருக்கும் பழைய அசெட்டோ கோர்சாவும் அந்த ஜாதிதான். இணையம் இல்லாவிட்டாலும் ஓடும்; ரசிகர்கள் செய்த கார்களும் தடங்களும் கொட்டிக் கிடக்கின்றன. அதில் நூர்பர்க்ரிங்கின் நார்ட்ஷ்லைஃபே தடம் இருக்கிறது, 20.8 கிலோமீட்டர், 70-க்கும் மேற்பட்ட வளைவுகள். ஒரே கார், ஒரே தடம் என்று வைத்துக்கொண்டு, கண்ணை மூடினால் அடுத்த வளைவு தெரிகிற அளவுக்கு ஓட்டிவிட்டாயா?

ஆக, உன் முன்னால் வழிகள் இருக்கின்றன. ஈவோவை இப்போதே வாங்கலாம். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அது முழுமையாகும் வரை காத்திருந்து, விலை இறங்கும் சமயம் வாங்கலாம். அல்லது அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து லோட் செல் பிரேக் வாங்கலாம். அதை எந்தக் கம்பெனியும் சர்வரை அணைத்து உன் காலிலிருந்து பிடுங்க முடியாது. ஒரு கேமுக்கு மட்டும் உழைத்துவிட்டு நிற்காது, ஐந்துக்கும் உழைக்கும். எது நல்லது என்று மாமன் சொல்லப்போவதில்லை.

இவ்வளவும் பணக் கணக்கு. உன் அம்மா தூங்காதது வேறு கணக்குக்கு. ஐரோப்பியர்களோடு லீக் ஓட்டுகிறாயாம். ஜெர்மனிக்காரனுக்கு இரவு எட்டு மணி என்றால் நமக்குக் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. பயிற்சிச் சுற்று, தகுதிச் சுற்று, பந்தயம், அதற்குப் பிறகு யார் யாரை இடித்தார்கள் என்ற பஞ்சாயத்து. காலையில் ஒன்பது மணிக்கு அலுவலகம். உன் அப்பாவுக்கு மில்லில் நைட் ஷிஃப்ட் எத்தனை வருஷம், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. உனக்கும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னோமே, பார்த்தாயா? அதற்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லை.

மாமன் ரொம்பப் பேசிவிட்டான், மனதில் வைத்துக்கொள்ளாதே. இந்த ஊர்க்காரனுக்குக் காரில் கிறுக்கு இல்லாமல் வேறு எதில் இருக்கும்? மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிய கரிவரதன் நம் கோயமுத்தூர்க்காரர். 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் நம் ஊர்தான். அந்தக் கிறுக்கு உனக்கும் ஒட்டியிருப்பதில் இந்த வீட்டில் அதிகம் சந்தோஷப்படுகிறவன் உன் மாமன்தான். அதை உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வா. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போவோம், கார்ட் ஓட்டு, செலவு மாமனுடையது. அத்தை உனக்காகப் பச்சைப்புளி ரசமும் அரிசிம்பருப்புச் சாதமும் செய்யக் காத்திருக்கிறாள். உன் மச்சான் சொல்லித்தான் அந்த லோட் செல் பிரேக்கின் விலையும் தெரிந்தது. தொகையை இந்த வாரமே உன் கணக்கில் போட்டுவிடுகிறேன். அதில் ஈவோதான் வாங்குவேன் என்றால் வாங்கிக்கொள் சாமி, மாமன் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு என்று மட்டும் இன்றைக்கே அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மாமன்