சாம்பல் நிறத்தில் ஒரு மீனவர் முகம்

பென்சில் உருவப்படத்துக்கு உயிர் தருவது கோடு அல்ல, சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கம். எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில்களும் சற்றே சொரசொரப்பான கார்ட்ரிஜ் தாளும் போதும்.

பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டில் மீனவர் ஒருவரை வரைவதானால், முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இளவெயில் படும்படி அமர்த்துவது நல்லது. உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டுவிடும். முதலில் எச்.பி.யால் அளவு: உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிநடுவில் கண்கள், இரண்டுக்கும் இடையே இன்னொரு கண்ணின் அகலம். புதியவர்கள் பெரும்பாலும் கண்ணை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அடுத்து, இமைகளைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து நிழல் திட்டுகள் மட்டும் தெரியும். அவற்றை எச்.பி.யால் மெலிதாக நிரப்பி, 2பி, 4பி எனப் படிப்படியாக அடர்த்தி கூட்ட வேண்டும். 6பி கடைசியில்தான், கண்மணிக்கும் மூக்குத் துளைக்கும்.

கருத்த மேனியை ஒரே கருமையாக அப்பக் கூடாது. உப்புக்காற்றில் காய்த்த கன்னத்தில் வியர்வை மினுங்கும் இடம் வெறும் தாளாகவே இருக்கட்டும். நரைத்த தாடிக்கு முதலில் நிழல் பூசி, அழிப்பானைக் கூராகச் சீவி அதன் முனையால் முடிகளை வெள்ளையாக இழுத்தெடுக்கலாம். விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறித் தாள் திட்டுத்திட்டாகும்; சுருட்டிய காகிதமே ஏற்றது. கைக்கடியில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தால் படம் கலையாது.