இறங்கி வருகிறவர் யார்?

கேள்வி: கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூர் என்னுடையது. கள்ளக்குறிச்சியில் கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். வகுப்பில் நான் பேசி முடித்ததும் தோழி ஒருத்தி, "மலையிலேர்ந்து வந்தும் எவ்ளோ நல்லா இங்கிலீஷ் பேசற!" என்றாள். சிரித்துவிட்டு வந்தேன், ராத்திரி தூக்கம் வரவில்லை. அதை ஆங்கிலக் கட்டுரையில் எழுதியபோது அவளை 'ஆரகன்ட்' என்று குறித்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'வேறு சொல்' என்று எழுதியிருக்கிறார். எந்தச் சொல்?

பதில்: ஆசிரியர் வட்டமிட்டது சரிதான், தங்கையே. ஆரகன்ட் என்பது தன்னைப் பற்றிய மிதப்பு. நம் ஊரில் தலைக்கனம், திமிர் என்போமே, அது. அப்படிப்பட்டவருக்கு எதிரே ஆள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தனியறையிலும் திமிராக இருக்கலாம். உங்கள் தோழி தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, உங்களைப் பாராட்டினாள். முள் அந்தப் பாராட்டுக்குள் இருந்தது. அதற்குரிய சொல் 'கன்டிசென்டிங்'.

அகராதியைத் திறந்தால் ஏளனம், இளக்காரம் என்று ஏதாவது ஒன்றைப் போட்டிருப்பார்கள். எதுவும் முழுசாகப் பொருந்தாது. ஏளனம் செய்கிறவருக்குத் தான் குத்துகிறோம் என்று தெரியும். இங்கே சொல்கிறவர் நல்லது செய்வதாகவே நினைக்கிறார். தமிழில் இதற்கு நெருங்கிய உதாரணம் 'வெள்ளந்தி'. "கல்வராயன் மலைச் சனங்க வெள்ளந்திங்க, பாவம்" என்று சமவெளியில் எத்தனை பேர் வாஞ்சையோடு சொல்கிறார்கள்! அந்த வாஞ்சையில் ஒரு படி உயரம் ஒளிந்திருக்கிறது. சக மனிதரை யாரும் அப்படி வெள்ளந்தி என்பதில்லை.

லத்தீன் வேரைப் பிரித்தால் இச்சொல்லின் பொருள் 'உடன் இறங்கி வருதல்'. இங்கேதான் தமிழ் மாணவர்கள் வழுக்குகிறார்கள். நம் பேச்சில் 'இறங்கி வந்தார்' என்றால் பிடிவாதம் தளர்ந்தார், சமரசத்துக்கு ஒப்பினார் என்று பொருள். ஆங்கிலச் சொல்லில் அந்த நல்ல வாடை இப்போது இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார், தன்னை ஆதரிக்கும் சீமாட்டியின் 'கன்டிசென்ஷன்' பற்றி வாய் ஓயாமல் மெச்சுவார். பெரியவர்கள் சின்னவர்களிடம் இறங்கிப் பேசுவதை அவர் பெருந்தன்மையாக எண்ணினார், ஆஸ்டின் அவரைப் பார்த்துச் சிரித்தார். நம் மனுக்களில் இன்றும் 'ஐயா பெரிய மனசு பண்ணி' என்று எழுதுகிறோமே, அது காலின்ஸ் காலத்துப் பொருள். உங்கள் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அந்தத் தொடரின் எடையை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

(வேடிக்கையைப் பாருங்கள். கடுக்காய் மூட்டையோடு பஸ் ஏறி உண்மையில் இறங்கி வருகிறவர்கள் மலைக்காரர்கள். மேலே இருந்து பார்ப்பது என்னவோ கீழே இருக்கிறவர்கள்.)

இதன் தங்கைச் சொல் 'பேட்ரனைசிங்'. தகப்பன் என்ற லத்தீன் வேரிலிருந்து வருவது. எதிரில் இருப்பவரைக் குழந்தையாக்கிப் பேசும் தொனி இதில் கூடுதல். நீங்கள் கேட்காமலே பாங்க் சலானை உங்களுக்கு எழுத்துக் கூட்டி விளக்குகிறாரே, அவர் பேட்ரனைசிங். 'டோன்ட் பேட்ரனைஸ் மீ' என்று சொல்லலாம். 'டோன்ட் கன்டிசென்ட் மீ' என்று சொல்ல முடியாது, நடுவில் 'டு' வேண்டும். இன்னொன்று: கடைக்காரர் தன் விளம்பரத்தில் பேட்ரனைஸ் செய்யுங்கள் என்று அழைத்தால் கோபப்படாதீர்கள், வாடிக்கையாளராக வாருங்கள் என்கிறார்.

'சூப்பர்சிலியஸ்' முகத்துக்கான சொல். புருவம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. வாய் திறக்காமல் ஒற்றைப் புருவத்தை உயர்த்துகிறவரைப் பற்றி எழுதும்போது எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹாட்டி' கதைப்புத்தகத்து ராணிகளுக்கு. 'ஸ்நாப்' என்பவர் உடை, உணவு, ரசனை, பள்ளிக்கூடத்தின் பெயர் இவற்றை வைத்து ஆளை எடைபோடுகிறவர்.

ஆங்கிலத்துக்கு இத்தனை பெயரடை தேவைப்படுவதற்கு என் கணக்கில் ஒரு காரணம், அங்கே எல்லோருக்கும் ஒரே 'யூ'. நமக்கு முன்னிலைப் பெயரும் வினைமுற்றுமே போதும். நரைத்த தலையோடு மலையிலிருந்து வந்தவரிடம் கடைப் பையன், "என்னா வேணும் உனக்கு?" என்கிறான். அந்த 'உனக்கு' ஆங்கிலத்துக்குப் போனால் காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தை எழுதும்போது 'ஹி ஸெட் கன்டிசென்டிங்லி' என்று ஒரு வினையடையையாவது சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

தோழி விஷயம். கட்டுரையில் அவளையே 'கன்டிசென்டிங்' என்று சொல்லாமல் அவள் பேச்சைச் சொல்லுங்கள்: 'ஹெர் ரிமார்க் வாஸ் கன்டிசென்டிங்'. நேரில் கேட்பதானால், "மலையிலேர்ந்து வந்தும்னு ஏன் சொன்ன?" என்று தமிழிலேயே கேளுங்கள். 'வந்தும்' என்பதிலுள்ள அந்த 'உம்'மை அவளே திரும்பச் சொல்லிப் பார்க்கட்டும்.

திருத்தி எழுதும்போது எழுத்துக்கூட்டலில் கவனம். 'எஸ்'ஸுக்கு அடுத்து ஒரு 'சி' உண்டு, உச்சரிப்பில் தனியாகக் கேட்காது. அதை விட்டால் இன்னொரு சிவப்பு வட்டம் விழும்.