இரத்தக்குழாயில் படியும் சுண்ணாம்பு

இம்முறை மருத்துவப் பாடத்துக்குக் காரணமானவர் ஒரு சபை மூப்பர். வயது 56. பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. பீடியை விட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. மகன் நகரத்துக்கு அழைத்துப்போய் இருதயத்துக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டில் கால்சியம் பூஜ்யம். "இருதயம் சுத்தமாயிருக்கிறது, இனி மாத்திரை எதற்கு?" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து, ஆலயப் படியேறும்போது நெஞ்சை அழுத்துகிறது என்று எங்களிடம் வந்தார்.

அந்த ஸ்கேன் எதைக் காட்டுகிறது? இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களின் சுவரில் கொழுப்பு படிந்து புண்ணாகிறது. புண் ஆறும் இடத்தில் தழும்பு விழுவதுபோல, வருடங்கள் செல்லச்செல்ல அங்கே சுண்ணாம்புச்சத்து சேருகிறது. எலும்பிலுள்ள அதே சத்துதான், ஆகையால் சி.டி. ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும். ஊசி மருந்து தேவையில்லை. அதன் பரப்பையும் அடர்த்தியையும் கணக்கிட்டு ஒரே எண்ணாகச் சொல்லும் முறையை அமெரிக்க மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டனும் அவருடைய சகாக்களும் 1990-இல் வெளியிட்டார்கள். 100-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 400-ஐத் தாண்டினால் படிவு மிக அதிகம்.

இந்த எண்ணை நம்பலாமா? அமெரிக்காவில் நான்கு இனத்தாரில் 6,722 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. பூஜ்யம் உள்ளவர்களோடு ஒப்பிட்டால், 101 முதல் 300 வரை உள்ளவர்களுக்கு இருதய ஆபத்து ஏழரை மடங்குக்கும் மேல். 300-க்கு மேல் ஒன்பதரை மடங்குக்கும் மேல். அந்த நால்வரில் நம் தெற்காசியர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்னொரு செய்தி எங்களை வியக்கவைத்தது. பொலிவியா நாட்டுக் காட்டில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் சிமானே மக்களில் 705 பேருக்கு ஸ்கேன் எடுத்தபோது 85 சதவீதம் பேருக்குப் பூஜ்யம் (2017). நாள் முழுவதும் நடக்கிறவர்கள் அவர்கள்!

ஆனால் சுண்ணாம்பு சேராத இளம் கொழுப்புப் படிவு இந்த ஸ்கேனில் தெரியாது. மாரடைப்பு அதிலிருந்தும் வரும். ஆகவேதான் சர்க்கரை வியாதியஸ்தரும் புகைப்பவரும் பூஜ்யத்தைப் பார்த்து மருந்தைத் தள்ளிப்போடக் கூடாதென்று 2018-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. நெஞ்சுவலி உள்ளவருக்கு இந்த எண்ணை மட்டும் வைத்துத் தைரியம் சொல்லவும் முடியாது. மற்றொன்று: கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எண் சற்றுக் கூடலாம். படிவு கெட்டிப்படுவதே காரணம், பயந்து நிறுத்திவிடாதிருங்கள்.

"இந்த ஸ்கேன் வாங்கக் காணிக்கை அனுப்பட்டுமா?" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. இப்போது வேண்டாம் என்பதே எங்கள் தாழ்மையான எண்ணம். மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர் தடுமாறும் நடுத்தர ஆபத்துள்ளவருக்கே அது உதவும். எங்கள் வாசலில் நிற்பவர்களில் அநேகருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தவுடனே விஷயம் தெரிந்துவிடுகிறது. அவர்களுக்குக் குறைவுபடுவது மாதாமாதம் மாத்திரை வாங்கப் பணம்.

மூப்பருடைய ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்ததால் அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆஞ்சியோகிராமில் ஒரு குழாயில் சுண்ணாம்பில்லாத அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாத்திரை டப்பாவை எங்கள் நர்ஸ்மாரிடம் திறந்து காட்டிவிட்டுத்தான் உட்காருகிறார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.