மச்சான் பெயரில் காணி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் தாத்தா இலங்கையில் டிக்கோயாப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய பாஸ்போர்ட் கிடைத்து, தலைமன்னாரில் கப்பலேறி வந்து கோத்தகிரியில் குடியமர்ந்தார். நான் இங்கே பிறந்த இந்தியக் குடிமகன். கையில் 40 லட்சம் இருக்கிறது. தாத்தா ஊரில் ஓர் இடம் வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஹட்டனில் இருக்கும் மாமா மகன், "தோட்டத்து ஓரமா 20 பேர்ச் வருது மச்சான், என் பேர்ல எழுதிக்கலாம்" என்கிறார். நுவரெலியாவில் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அபார்ட்மெண்டுக்குச் சென்னையிலேயே முன்பணம் கொடுத்தால் விலை குறையும் என்கிறார் ஒரு ஏஜெண்ட். எதை நம்பலாம்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆனால் அப்பாவின் ஆசை நிறைவேற ஒரு வழி இருக்கிறது.

முதலில் ஒரு கசப்பான உண்மை. தாத்தா இந்த இலங்கை மண்ணில் உழைத்தவர் என்பதற்காக உங்களுக்கு இங்கே எந்த உரிமையும் வராது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. இழந்த குடியுரிமையைத் திரும்பப் பெற்று இரட்டைக் குடிமகனாகும் வழி, முன்பு இலங்கைக் குடிமகனாக இருந்தவருக்கானது. அந்தக் குடியுரிமை உங்கள் தாத்தாவுக்குக் கிடைக்கவே இல்லை. இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே காணி விஷயத்தில் நீங்கள் முழு வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு எழுதப்படும் காணி உறுதி (பத்திரம்) செல்லாது.

இனி அந்த 20 பேர்ச். தோட்டக் காணி என்றால் அதை விற்பவர் யார்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992க்குப் பிறகு கம்பெனிகளிடம் போனது குத்தகை மட்டுமே. அதுவும் 2045 வரைதான். தலைமுறை தலைமுறையாக லய வீடுகளில் கிடக்கும் சனங்களே ஏழு பேர்ச்சுக்கு ஓர் உறுதி கிடைக்காதா என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் யாரோ ஒருவர் 20 பேர்ச்சை உங்களுக்கு விற்கிறேன் என்றால் எனக்கு வயிறு எரிகிறது. தோட்ட ஆபீஸ் கடிதத்தையோ முத்திரை குத்திய கடதாசியையோ காட்டினால் உறுதி இலக்கத்தைக் கேளுங்கள். அநேகமாகப் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அது தனியார் காணியாகவே இருந்தாலும், மச்சான் பெயரில் எழுதினால் அது மச்சானுடைய காணி. 1840இலிருந்தே இங்குள்ள சட்டம், காணி சம்பந்தமான எந்த உடன்படிக்கையும் நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்கிறது. வாய்ப்பேச்சும் வெள்ளைக் கடதாசியும் நிற்காது. நொத்தாரிசைக் கொண்டே எழுதி வைத்தாலும், 2014 சட்டத்தைச் சுற்றிப்போக எழுதிய கடதாசியைத் தூக்கிக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவீர்கள்? மச்சான் தங்கமானவராகவே இருக்கட்டும். அவர் யாருடைய கடனுக்காவது பிணை நின்றிருந்தால்? நாளைக்கு அவர் கண்மூடினால்? காணி அவர் மனைவி பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் 40 லட்சத்தோடு உறவும் போகும்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல் தொடர்மாடி வீடுதான். (காணிதான் வேண்டுமென்றால் 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம், அதற்கும் நொத்தாரிசு உறுதி வேண்டும்.) வீட்டுக்கு ஒரு நிபந்தனை: உறுதி எழுதுமுன் முழு விலையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக இலங்கைக்குள் வந்திருக்க வேண்டும். சென்னையில் ஏஜெண்ட் கையில் கொடுக்கும் ரூபாய் இந்தக் கணக்கில் வராது. அவர் சொல்லும் தள்ளுபடி உங்கள் உறுதியையே ஆட்டம் காணவைக்கும்.

சரியான வழி இது. இலங்கை வங்கி ஒன்றில் உங்கள் பெயரில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறவுங்கள். உங்கள் இந்திய வங்கியில் ஏ2 படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் அந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுமதி உண்டு. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20% டி.சி.எஸ். வரி பிடிக்கிறார்கள். நீங்கள் 40 லட்சம் அனுப்பினால் அதற்கு மேல் 6 லட்சம் தனியே வேண்டும். அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனாலும் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டுமே. பணம் வந்து சேர்ந்ததற்கு இலங்கை வங்கி தரும் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வீட்டை விற்றுப் பணத்தைத் திருப்பி எடுக்க அதுதான் ஆதாரம். இந்தியாவில் ஒவ்வொரு வருடமும் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அந்த வீட்டையும் கணக்கையும் காட்டுங்கள். முத்திரை வரிக்கும் பணம் ஒதுக்குங்கள்: முதல் ஒரு லட்சம் இலங்கை ரூபாய்க்கு 3%, மிச்சத்துக்கு 4%.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. தொடர்மாடிக்கான கூட்டாதன (காண்டோமினியம்) வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவாகும்வரை உங்கள் வீடு என்று சட்டத்தின் கண்ணில் ஒன்று இல்லை. கையில் இருப்பது விற்பனை ஒப்பந்தம் மட்டும். கட்டி முடித்த வீட்டைப் பாருங்கள். விற்பவர் காட்டும் சட்டத்தரணியை விட்டுவிட்டு உங்களுக்கென்று ஒருவரை வைத்து, பதிவகத்தில் 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். அடிநிலம் அரசு அளிப்பா, குத்தகையா? கட்டியவர் வாங்கிய வங்கிக் கடனுக்கான ஈடு மீட்கப்பட்டதா? வரைபடத்தில் உங்கள் வீட்டு இலக்கமும் பொது இடங்களில் உங்கள் பிரிபடாத பங்கும் இருக்கின்றனவா? உள்ளூராட்சி சபையின் இணக்கச் சான்றிதழ் உண்டா?

மலையில் இன்னொரு கடதாசியும் வேண்டும்: மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தரும் அறிக்கை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்களே புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகம் முழுவதையும் உலுக்கியது. நுவரெலியாவுக்கு ஏப்ரல் சீசனில் வந்தால் பூவும் கிரகரி வாவியும்தான் கண்ணில் படும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஐப்பசி மழையில் வாருங்கள். கட்டடத்துக்குப் பின்னாலுள்ள சரிவில் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, தாங்கு சுவரில் வெடிப்பு உண்டா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.