ஓடும் நீரை நிற்க வைத்த ஊர்கள்

ராஜஸ்தான் மாநிலத்தில் ஆல்வார் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அது தில்லிக்குத் தெற்கே உள்ளது. ஆரவல்லி மலைத்தொடர் அந்த மாவட்டத்தின் வழியாகச் செல்கிறது.

அங்கே மழை குறைவு. ஓர் ஆண்டில் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும். அதில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்துவிடும். மலையில் விழுந்த நீர் வேகமாக ஓடிவிடும். போகும்போது நல்ல மண்ணையும் அரித்துக்கொண்டு போகும்.

1980-களில் அந்தப் பகுதியில் பல கிணறுகள் வறண்டு கிடந்தன. வயல்கள் தரிசாயின. ஆண்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போனார்கள். பெண்கள் குடங்களைச் சுமந்து வெகுதூரம் நடந்தார்கள். அம்மா தண்ணீருக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? மூத்த மகள்தான். அவள் எப்படிப் பள்ளிக்குப் போவாள்?

பெரியவர் காட்டிய வழி

1985-ஆம் ஆண்டு ராஜேந்திர சிங் என்ற இளைஞர் அங்கே வந்தார். அவர் தருண் பாரத் சங்கம் என்ற அமைப்பைச் சேர்ந்தவர். ஊராருக்கு மருத்துவம் பார்க்க வேண்டும், எழுத்துச் சொல்லித் தர வேண்டும் என்று நினைத்து வந்தார்.

கோபால்புரா என்ற ஊரில் ஒரு பெரியவர் அவருக்கு வேறு வழி காட்டினார். இங்கே முதல் தேவை தண்ணீர் என்று சொன்னார். தூர்ந்து போன பழைய ஜோஹட்டைத் தோண்டச் சொன்னார்.

அந்தப் பெரியவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஆனால் அந்த மண்ணை அறிந்தவர். படிக்க வைக்க வந்தவர் அவரிடம் பாடம் கற்றார். மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

ஜோஹட் என்றால் என்ன?

ஜோஹட் என்பது மழைநீரைத் தடுக்கும் மண்கரை. பிறை நிலா போல வளைந்து இருக்கும். சரிவில் ஓடிவரும் நீர் கரையில் மோதி நிற்கும். அங்கே ஒரு குளம் உண்டாகும். நம் ஊர் ஏரிக்கு இது தங்கை மாதிரி.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. முன்னோர் பல நூறு ஆண்டுகளாகக் கட்டியதுதான். பின்னால் வந்தவர்கள் தூர் எடுக்க மறந்தார்கள். கரை உடைந்தபோது யாரும் அடைக்கவில்லை. மலையில் மரங்களும் வெட்டப்பட்டன. நீர் நிற்க இடம் இல்லாமல் போயிற்று.

எப்படிக் கட்டுவது?

1. மழை பெய்யும்போது நீர் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இதை ஆடு மாடு மேய்ப்பவர்களும் வயதானவர்களும் நன்றாக அறிவார்கள்.

2. கரை வரும் இடத்தில் புல்லையும் வேரையும் நீக்க வேண்டும். அடியில் பள்ளம் எடுத்துக் களிமண் போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் கரைக்கு அடியில் புகுந்து அரித்துவிடும்.

3. குளம் வரும் இடத்தில் மண் வெட்டி, அதையே கரையில் கொட்ட வேண்டும். கரையை ஒட்டித் தோண்டக் கூடாது.

4. மண்ணை மொத்தமாகக் குவிக்கக் கூடாது. ஒரு வரிசை கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். பிறகு அடுத்த வரிசை.

5. கரையின் அடிப்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். மேலே போகப் போகக் குறுக வேண்டும். நீர் மோதும் பக்கத்தில் கல் பதிக்க வேண்டும்.

6. மிச்ச நீர் வெளியேறக் கலங்கல் வைக்க வேண்டும். கலங்கல் கரையின் தலையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். கலங்கல் இல்லாத கரை ஒரு பெருமழையில் உடைந்துவிடும்.

சிமெண்டு அதிகம் வேண்டாம். பெரிய இயந்திரம் வேண்டாம். மண், கல், கடப்பாரை, மண்வெட்டி, கூடை, பல கைகள். இவை போதும். ஆனால் உயரமான கரை என்றாலும், கரைக்குக் கீழே வீடுகள் இருந்தாலும், பொறியாளரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

நீர் எங்கே போகிறது?

குளத்து நீரில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிறது. இன்னொரு பகுதி மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. நிலத்தடியில் நகர்ந்து, கீழே உள்ள கிணறுகளில் ஊறுகிறது. குளம் வற்றிய பிறகும் கிணற்றில் நீர் இருக்கும். காய்ந்த குளத்தின் ஈர மண்ணிலும் பயிர் வைப்பார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1 சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். 1 ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் ஓர் ஆண்டில் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் சுமார் 24 லட்சம் லிட்டர்!

இதில் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. ஆனால் ஒரு பங்கைப் பிடித்தாலும் ஊர் பிழைக்கும்.

யார் செலவு? யார் உழைப்பு?

செலவு முழுவதையும் சங்கம் தரவில்லை. ஊரார் ஒரு பங்கைத் தர வேண்டும் என்பது விதி. பணம் இல்லாதவர் உழைப்பைத் தந்தார்.

ஊர் கூடிப் பேசித்தான் இடத்தை முடிவு செய்தார்கள். இந்த இடத்தில் கேள்விகள் எழுவது இயல்பு. "கிணறு வைத்திருப்பவருக்கு நீர் ஊறும். நிலமே இல்லாத எனக்கு என்ன கிடைக்கும்?" இது நியாயமான கேள்வி. குடிநீர், ஆடு மாடுகளுக்கு நீர், புல், உள்ளூரிலேயே வயல் வேலை, இவை நிலமில்லாதவருக்கும் கிடைக்க வேண்டும். இதை வேலை தொடங்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.

ஆறு திரும்பி வந்தது

ஆல்வார் மாவட்டத்தில் அர்வரி என்று ஓர் ஆறு உண்டு. அது சுமார் 45 கிலோமீட்டர் நீளம். மழைக்காலம் முடிந்தால் அதில் வெறும் மணல்தான் கிடக்கும். ஆறு தொடங்கும் இடத்துக்கு அருகே பாவ்ன்தா, கோலியாலா என்ற ஊர்கள் உள்ளன. அங்கே 1980-களின் பிற்பகுதியில் ஜோஹட் கட்டும் வேலை தொடங்கியது. பிறகு மற்ற ஊர்களும் கட்டின. ஆற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஜோஹட்டுகள் எழுந்தன. 1995 வாக்கில் அர்வரியில் ஆண்டு முழுவதும் நீர் ஓடியது.

நீர் வந்தது. மீனும் வந்தது. மீன் வந்ததும் பிரச்சினையும் வந்தது. ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையை அரசு ஒரு குத்தகைக்காரருக்குக் கொடுத்தது. ஊரார் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். ஆற்றை உயிர்ப்பித்தது யார் என்று கேட்டார்கள். குத்தகை ரத்தானது.

அப்போது அவர்களுக்கு ஒன்று புரிந்தது. நீரைச் சேர்த்தால் மட்டும் போதாது, அதைக் காக்கவும் வேண்டும். 1990-களின் இறுதியில் சுமார் 70 ஊர்கள் சேர்ந்து அர்வரி நாடாளுமன்றம் என்ற சபையை அமைத்தன. கரும்பு, நெல் போன்ற அதிக நீர் குடிக்கும் பயிர்கள் வேண்டாம் என்று அந்தச் சபை கட்டுப்பாடு செய்தது. சட்டப்படி அதற்கு அதிகாரம் இல்லை. ஊராரின் ஒற்றுமைதான் அதன் பலம்.

ராஜேந்திர சிங்குக்கு 2001-இல் மகசேசே விருது கிடைத்தது. 2015-இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருதும் கிடைத்தது. அந்தப் பெருமையில் மண் சுமந்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் பங்கு உண்டு.

கரை மண்ணால் ஆனது. ஆண்டுதோறும் பார்க்காவிட்டால் உடையும். ஆழ்துளைக் கிணறு போட்டு அளவில்லாமல் இறைத்தால், சேர்த்த நீரும் போய்விடும். கரையைக் கட்டுவது சில மாத வேலை. காப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வேலை.

சிந்திப்போம்

1. நம் ஊர்க் குளத்தில் கடைசியாக எப்போது தூர் எடுத்தார்கள்? ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

2. நம் ஊரில் மழைநீர் எந்த வழியாக ஓடுகிறது? படம் வரைந்து காட்டுங்கள்.

3. ஒரு வீட்டுக் கூரை 50 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் கூரையில் விழும் நீர் எத்தனை லிட்டர்? அது உங்கள் வீட்டுக் குடத்தில் எத்தனை குடம்?

4. நிலமில்லாதவருக்கும் ஊர் நீரில் பங்கு வேண்டும். அதற்கு என்ன விதி வைக்கலாம்? கூடிப் பேசுங்கள்.